நெடும்பாரின் அடையாளம்

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

இந்த டைரி புது வருஷத்துக்கு வலைக்கடையில் சும்மா கொடுத்தது. ஜனவரி முழுக்க என் மனைவி பிரகாசி இதில் பால் கணக்கு எழுதிவிட்டாள். மிச்சத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம், இந்தத் தவசு காலத்தில் கோபத்தை விட்டுவிடுவதாக ஃபாதரிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். போன வருஷம் பீடியை விட்டேன், அதற்கு முந்தின வருஷம் டீயை. இரண்டும் ஈஸ்டர் அன்று காலையிலேயே வீடு தேடித் திரும்பி வந்துவிட்டன. “கத்தணும்போல இருந்தா எழுதி வையும்” என்றார் ஃபாதர். எழுதுகிறேன்.

என் பெயர் கஸ்பார். பத்தாம் வகுப்பை இரண்டு வருஷம் ஆர்வத்தோடு படித்தவன். மூன்றாவது வருஷமும் படித்திருப்பேன், அப்பா விடவில்லை. தொழில், கூடு வைப்பது. கம்பிக் கூண்டுகளில் இரை வைத்து, வரிசையாக ஒரே கயிற்றில் கோத்து, கடலுக்கு அடியில் பாறைத் திட்டில் இறக்கிவிட்டு வந்து, பிறகு போய் மீனோடு எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முதல் வாசகம் வாசிப்பதும் நான்தான். குரல் நன்றாக இருக்கிறது என்பார்கள். மற்றதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.

“இவிய கோவத்த விட்டா அப்புறம் வீட்டுல என்ன இருக்கும், ரேடியோதான்” என்றாள் பிரகாசி. நான் கோபப்படவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

நெடும்பாரில் கூடு எடுக்கப் போனோம். எங்கள் பக்கம் பாறைத் திட்டைப் பார் என்போம். மேலே இருந்து பார்த்தால் மற்ற இடம் மாதிரி வெறும் தண்ணீர்தான். மிதவை கட்டினால் கண்டவனும் தூக்கிப் போவான் என்று நாங்கள் கட்டுவதில்லை. கரையில் நிற்கிற இரண்டு பொருள் ஒன்றன் பின் ஒன்றாக நேர் வர வேண்டும். வேறு பக்கம் இன்னும் இரண்டு நேர் வர வேண்டும். இரண்டு நேரும் சேருகிற இடத்தில் இறக்குவது, அதே நேர் பிடித்துப் போய் எடுப்பது. அந்த நாலும் எவை என்பது வள்ளத்துக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். என் அப்பா சாகக் கிடந்தபோதுதான் எனக்குச் சொன்னார், அதுவும் பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு.

என்னோடு வருகிற தொம்மைக்குக்கூடத் தெரியாது. அவன் பிரகாசியின் தம்பி, எஞ்சின் அவன் பொறுப்பு. நான் அடையாளம் பார்க்கும்போது அவனைக் கடல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிடுவேன். இங்கேயும் எழுதமாட்டேன். பால் கணக்குப் பார்க்க பிரகாசி இதை எடுப்பாள், அவளுக்குத் தம்பி மேல் பாசம் அதிகம்.

நேர் பிடித்து நின்று, அடியில் கிடக்கிற கயிற்றை மாட்டி எடுக்கப் பாதாளக்கரண்டியை வீசி, காலை முழுக்க இழுத்தோம். பாசி வந்தது. யாருடையதோ ஒரு செருப்பு வந்தது. கூடு வரவில்லை.

“நேத்து டைவிங்காரன் படகு இங்கனதான் நின்னுச்சு, அத்தான்” என்றான் தொம்மை.

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? போன வருஷம் வந்த கம்பெனி. முதுகில் சிலிண்டரைக் கட்டி டூரிஸ்டுகளைக் கடலுக்குள் இறக்கிக் காட்டுகிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு டூரிஸ்ட், லோபோ அண்ணனின் கூட்டைத் திறந்து மீனை எல்லாம் விட்டுவிட்டு, அதைப் பாட்டோடு வீடியோவாகவும் போட்டான். ஊரே பார்த்தது. லோபோ அண்ணன் ஊர்க்கமிட்டித் தலைவர் வேறு. அவருடைய மீன் அவர் கண் முன்னாலேயே போனில் நீந்திப் போயிற்று.

பிப்ரவரி 21, சனி

நான் கோபப்படவில்லை. தொம்மை எனக்கும் சேர்த்துப் பட்டான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இனி மறைத்துப் பயனில்லை. அந்தக் கம்பெனியில்தான் என் மகள் ஜெசிந்தா வேலை பார்க்கிறாள். கணக்கு எழுதத்தான் போனாள். மூன்றாம் மாதம் கறுப்பு ரப்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் குதித்துவிட்டாள். அடுத்த மாதம் பரீட்சை எழுதினால் அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமாம். சின்ன வயதில் இடது கையால் சாப்பிடுகிறாள் என்று கன்னியாஸ்திரிகள் கரண்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், மாறவில்லை. பிடிவாதம் அவள் அம்மா வழி.

சாப்பிடும்போது கேட்டேன். யாரும் எடுக்கவில்லை என்றாள். அவர்கள் முதலாளி கௌசிகன், கடலுக்கு அடியில் எதையும் தொடக் கூடாது என்று சுவரில் எழுதியே போட்டிருக்கிறானாம், அந்த வீடியோக்காரனை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டானாம். நான் நம்பவில்லை என்பதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அது கோபம் இல்லை.

“எதப் பாத்துப்பா எறக்குனிய?” என்றாள்.

அதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “கூடு தொலஞ்சா சும்மா கெடக்காதுப்பா. மீன் உள்ள போயி மாட்டிச் சாவும். அதத் திங்க அடுத்தது உள்ள போவும். எடுக்க ஆளில்லாமலே மீன் பிடிச்சிட்டே இருக்கும். நான் பாத்திருக்கேன்.”

குழம்பில் உப்பு குறைவு என்றேன்.

மார்ச் 1, ஞாயிறு

முதல் வாசகம் வாசித்தேன். புதிய புத்தகத்தில் எழுத்தை எறும்பு மாதிரி அச்சடித்திருக்கிறார்கள். பழைய நினைவிலேயே ஓட்டிவிட்டேன். பூசை முடிந்ததும் ஃபாதர் தோளைத் தட்டி, “நல்லா வாசிச்சீர். ஆனா அது அடுத்த வாரத்துது” என்றார்.

இந்தப் பேனாவும் சரியில்லை. மங்கலாக எழுதுகிறது. மாற்ற வேண்டும்.

மார்ச் 2, திங்கள்

ஊர்க்கமிட்டியில் என் புகாரைச் சொன்னேன். சொன்னதும்தான் தெரிந்தது, ஊரில் எல்லோர் மனதிலும் ஒன்று இருந்திருக்கிறது. ஒருவன் வலையை அவர்கள் நங்கூரம் கிழித்திருக்கிறது. இன்னொருவனுக்கு எஞ்சின் சத்தம். எதிரே உள்ள தீவைச் சுற்றிக் கடலைப் பாதுகாக்கிறோம் என்று சர்க்கார் கோடு போட்டதிலிருந்து நாங்கள் அந்தப் பக்கம் தலை வைப்பதில்லை. அவர்கள் கோட்டுக்கு வெளியேதான் இறங்குகிறார்கள் என்றாலும் யார் போய் அளந்தது? “நாம கால நனச்சா கேசு, அவன் ஆளக் கூட்டிட்டு வந்து முக்குனா சுற்றுலா” என்றார் லோபோ அண்ணன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

முடிவு: வருகிற இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விசாரணை. கூடு எடுத்தது உண்மையானால் டைவிங் படகு எங்கள் கரையில் நிற்கக் கூடாது. ஊரைச் சேர்ந்த யாரும் அங்கே வேலை பார்க்கவும் கூடாது.

இரண்டாவது பாதியை அவர்கள் சேர்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊரைச் சேர்ந்த யாரும் என்றால் ஒரே ஒரு ஆள்தான்.

வீட்டில் பிரகாசி எனக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரேடியோகூடப் பாடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

புதுக் கூடுகளை நெடும்பாரில் இறக்கினோம். விடியற்காலையில் கரை முழுக்கப் பனி. அடையாளம் பிடிக்க நேரமாயிற்று. தொம்மை கடலைப் பார்த்தபடியே, “பனியா? எங்கன?” என்றான். அவனுக்கு முப்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் பனி எது என்று தெரியவில்லை.

டைவிங் படகு தூரத்தில் நின்றது. அதன் முனையில் கறுப்புச் சட்டையில் ஒரு ஆள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை. நான் கையை ஓங்கிக் காட்டினேன். அந்த ஆள் பதிலுக்குக் கையை ஆட்டியது என்று தொம்மை சொன்னான்.

மார்ச் 8, ஞாயிறு

ஜெசிந்தாவுக்கு முதுகு வலி. பிரகாசி தைலம் தேய்த்துவிடுகிறாள். தண்ணீருக்குள் உடம்பு லேசாகிவிடும் என்று அவள்தான் சொன்னாள். லேசான உடம்போடு அங்கே என்ன மூட்டை தூக்குகிறாளாம்?

வாசகம் இன்று வாசிக்கவில்லை. தொண்டை.

மார்ச் 9, திங்கள்

வெற்றி. பாதாளக்கரண்டியை வீசின முதல் வீச்சிலேயே கயிறு மாட்டியது. கூடு நிறைய விளமீனும் ஊளியும். அது மட்டும் இல்லை. புதுக் கயிற்றின் வாலில், தொலைந்துபோன பழைய கூடுகளும் கட்டியிருந்தன! ஒன்றே ஒன்று மட்டும் குறைகிறது. திருடன் பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டான் என்று தொம்மையிடம் சொன்னேன். கமிட்டி என்றால் சும்மாவா.

பழைய கயிற்றைப் புதுக் கயிற்றோடு சேர்த்த முடிச்சு வலப்பக்கம் சுற்றாமல் இடப்பக்கம் சுற்றியிருந்தது. தொம்மை அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். யாரோ இடக்கைக்காரன் வேலை என்றேன். உலகத்தில் எத்தனையோ இடக்கைக்காரர்கள்.

அந்த முடிச்சை அறுக்காமல் பொறுமையாக அவிழ்த்தேன். நேரமானது.

மார்ச் 13, வெள்ளி

கௌசிகனைப் பார்க்கப் போனேன், திருப்பி வைத்ததால் மன்னிக்கலாம் என்ற பெரிய மனதோடு. கோயம்புத்தூர்ப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. “வாங்கண்ணா, உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். காபி கொடுத்தான். எதையாவது ஒத்துக்கொள்வான் என்று பார்த்தேன். அவன் சுவரில் இருந்த பலகையைக் காட்டினான்.

“அதைப் படிச்சுப் பாருங்கண்ணா. இங்க வந்த நாள்லருந்து நான் மீறினதில்லீங்க. இந்த மாசந்தான் மீறினேன், அதும் ஒரு பொண்ணு அழுததுக்காக.”

பலகையைப் பார்த்துத் தலையாட்டினேன். நல்ல பலகை, நீல நிறம். கௌசிகன் நான் பார்த்த பலகையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு வாசல்படி வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். முற்றத்தில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி எழுப்பியிருக்கிறார்கள், இரும்புக் காலின் மேல் பனை உயரத்துக்கு, கண்ணைப் பறிக்கிற வெள்ளை. தொட்டியா அது, ராக்கெட்டா என்று கேட்டேன். தைப்பொங்கல் சமயத்தில் கட்டியதாம்.

மார்ச் 17, செவ்வாய்

பேனா மாற்றினேன். பேனாவிலும் தப்பில்லை போலிருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எழுத்து கோடு தாண்டிப் போனால் போகட்டும்.

பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் கூட்டம். கௌசிகன் ஒரு ஓரம், பக்கத்தில் ஜெசிந்தா. லோபோ அண்ணன் சுற்றி வளைக்காமல், கஸ்பார் கூட்டில் கை வைத்தது யார் என்று கேட்டார். கௌசிகன் எழுந்தான். அவன் வாயைத் திறக்கும் முன் ஜெசிந்தா எழுந்துவிட்டாள்.

“நாங்கதான் எடுத்தோம். தப்புத்தான். திருப்பி வச்சிட்டோம்.”

அவ்வளவுதான் சொன்னாள். கௌசிகன் அவளையே பார்த்தபடி நின்றான், மறுத்துப் பேசவில்லை. மண்டபம் முழுக்கச் சத்தம். வேலையை விட்டு நாளையோடு நின்றுகொள் என்று யாரோ பின்னால் இருந்து சொன்னார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று பயந்த மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் மகளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் ஒரு மிட்டாயை எடுத்துத் தின்றுவிட்டு அதன் தாளை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தவள்.

நான் எழுந்து, அவள் சொல்வது பொய், கூடு அங்கே இல்லாமல் போனதற்குக் காரணம் நான், எங்கேயோ தப்பாக இறக்கியிருக்கிறேன் என்றேன்.

“மக வேலைக்காகப் பொய் சொல்லுதீரு” என்றார் லோபோ அண்ணன். குரலில் கோபம்கூட இல்லை. “ஒங்க அப்பா காலத்துல இருந்து அந்தப் பாருல வைக்கிய. நீரு தப்பா எறக்குனீருன்னா யாரு நம்புவா?”

நானே நம்பியிருக்கமாட்டேன். அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயில் இருந்து வந்தது. வள்ளத்தில் ஏறுங்கள், என் அடையாளத்தைச் சொல்லிக் காட்டுகிறேன் என்றேன்.

யாரும் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தொம்மை என் கையைப் பிடித்தான். “அத்தான், வேண்டாம். சொன்னா பாரு போயிரும்.” போகட்டும் என்றேன்.

என் வள்ளத்தில் லோபோ அண்ணன், கமிட்டி ஆட்கள் இரண்டு பேர், கௌசிகன், ஜெசிந்தா. பின்னால் நாலைந்து வள்ளம். தொம்மையைக் கடல் பக்கம் திரும்பச் சொல்லவில்லை. அவனாகவே திரும்பி உட்கார்ந்திருந்தான். நான்தான் தோளைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பினேன்.

உரக்கச் சொன்னேன், வாசகம் வாசிக்கிற குரலில். தெற்கே செல்போன் டவர் ஐஸ் கம்பெனிக் கூரையின் நடுவில் வர வேண்டும். அப்பா காலத்தில் அது டவர் இல்லை, ஒரு மேடு. வடக்கே கோவில் கோபுரம் ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் வர வேண்டும். “இந்தா, இப்ப நேரு. இங்கனதான் எறக்குவேன்” என்று கோபுரத்தைக் கையை நீட்டிக் காட்டினேன்.

முதலில் தொம்மைக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“கஸ்பாரு” என்றார் லோபோ அண்ணன், மெதுவாக. “அது டைவிங்காரன் தண்ணித்தொட்டி. கோபுரம் அந்தப் பக்கம் இருக்கு.”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கரையில் வெள்ளையாக ஒன்று நின்றது. பக்கத்தில் இன்னொன்றும் வெள்ளையாக நிற்கிறதோ என்னவோ. வெயில் நன்றாக ஏறின நாளில் கோபுரம் தெரிந்திருக்கும், எடுக்கப் போகும்போது சரியான இடத்தில் நின்றிருப்பேன். விடியற்காலையில் இறக்கும்போதும் இன்றைக்கும் பளிச்சென்று தெரிந்தது தொட்டிதான்.

பாதாளக்கரண்டியை அந்த இடத்திலேயே வீசச் சொன்னேன். இரண்டாம் இழுப்பில், குறைந்துபோன அந்த ஒற்றைக் கூடு சேறும் சகதியுமாக மேலே வந்தது. உள்ளே செத்தது, சாகப்போவது, அதைத் தின்ன வந்தது எல்லாம் இருந்தன. ஜெசிந்தா சொன்னது சரிதான்.

“இத்தன நாளா சேசுவக் கும்பிடுதேன்னு நெனச்சு இவன் தண்ணித்தொட்டியக் கும்பிட்டிருக்கேன்” என்றேன். எல்லா வள்ளத்திலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

“நாங்க கீழ போனப்ப ஒங்க கூடு, பழசும் புதுசும், சேத்துல கெடந்துச்சுப்பா” என்றாள். “நீங்க கரண்டி வீசுன எடத்த எங்க படகுல இருந்து பாத்திருக்கேன். ரெண்டு பேருமாத் தூக்கி அங்கன கொண்டு வச்சோம். ஒண்ணு அறுந்து விழுந்துட்டு.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“கண்ணு தெரியலன்னு நீங்க சொன்னியளா?”

சேற்றுக் கையைத் துடைக்கிற மாதிரி முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 23, திங்கள்

கமிட்டி முடிவை மாற்றிவிட்டது. டைவிங் படகு பாரின் மேல் நங்கூரம் போடக் கூடாது, ஒரே இடத்தில் கல் இறக்கி மிதவை கட்டி அதில்தான் கட்ட வேண்டும். வலை போடுகிற இடத்துக்கு வருவதற்கு முதல் நாளே சொல்ல வேண்டும். தொலைந்த கூட்டைக் கண்டால் எங்களுக்குச் சொல்ல வேண்டும். கூலி வாங்காமல் எடுத்துத் தருவதாகக் கௌசிகன் சொன்னான். தீவுப் பக்கத்துப் பேச்சு மட்டும் முடியவில்லை. அது கமிட்டியில் முடிகிற பேச்சும் இல்லை. கோடு கோடாகவே இருக்கிறது, லோபோ அண்ணனும் லோபோ அண்ணனாகவே இருக்கிறார்.

வேலையைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. ஜெசிந்தா காலையில் எப்போதும் போலக் கிளம்பிப் போனாள்.

மார்ச் 27, வெள்ளி

நெடும்பாரில் ஆறு வள்ளம் நின்றது. லோபோ அண்ணன் வள்ளம் சேர்த்து. பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கிறது, முறுக்கு விற்கிற ஆள்தான் குறை. எல்லோரும் எனக்கு மரியாதையாக இடம் விட்டு ஒதுங்கினார்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு நண்டு. கோபம் வரவில்லை. வந்தால் எழுதுவேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

டவுனில் கண் ஆஸ்பத்திரி. புரை முற்றிவிட்டதாம். வலது கண்ணில் லென்சு வைத்துவிட்டார்கள், இடது அடுத்து. இதை ஜெசிந்தா எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. அவள் இடது கையால் எழுதுவதால் மை எல்லாம் கையில் ஒட்டுகிறது. கோபம் இன்று காலையில் திரும்பி வரும் என்று பார்த்தேன். ஊர் எல்லை வரைக்கும் வந்து வழி கேட்டுக்கொண்டிருக்கிறதோ என்னவோ.

(அப்பா டீ கேட்டார். அம்மா கொடுக்கவில்லை. இது நான் எழுதியது. ஜெ.)

ஏப்ரல் 7, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். பிரகாசிக்கு இவ்வளவு நரை எப்போது வந்தது என்று கேட்டேன். “நீங்க கோவத்த விட்ட அன்னைக்கு” என்றாள்.

மே 9, சனி

இரண்டு கண்ணும் ஆகிவிட்டது. கடலுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெசிந்தா பரீட்சையில் தேறிவிட்டாள், இன்று லீவு. வள்ளத்தை நெடும்பார்ப் பக்கம் விட வேண்டாம், வேறு இடம் இருக்கிறது என்றாள். அடியில் வெறும் பாறை, பவளம் இல்லை, கூடு வைத்தால் எதுவும் உடையாது, கோட்டில் இருந்து நல்ல தூரம். கீழே இருந்து பார்த்தால்தான் தெரியும், மேலே இருந்து ஒருத்தருக்கும் தெரியாது என்றாள். கூடு ஒவ்வொன்றிலும் கதவைச் சணல் கயிற்றால் கட்டிவைத்திருந்தாள், தொலைந்தால் தானாகத் திறந்துகொள்ளுமாம். சணல் தண்ணீரில் அழுகிவிடும், மீன் வெளியே போய்விடும். சரி என்றேன். மகளாச்சே.

நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். எழுந்து நின்றாள்.

“அப்பா, கடல் பக்கமாத் திரும்பி உக்காருங்க. மாமா, நீங்களும்.”

திரும்பி உட்கார்ந்தோம், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ஏறின பையன்கள் மாதிரி. முதுகுக்குப் பின்னால் அவள் வள்ளத்தைக் கொஞ்சம் அப்படி, கொஞ்சம் இப்படித் தள்ளுவது தெரிந்தது. எதை எதை நேர் பிடிக்கிறாய் என்று கேட்டேன்.

“அதெல்லாம் சொல்லக் கூடாதுப்பா.”

தொம்மை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவன் காலடியில் எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது, பளபளவென்று தேய்த்தது. அதன் வயிற்றில் கரை முழுக்கத் தெரிந்தது. கோபுரம் தெரிந்தது, அதன் உச்சியில் சிலுவை தெரிந்தது, வெள்ளைத் தொட்டி தனியாகத் தெரிந்தது, ஒற்றைப் பனையின் காய்ந்த மட்டைகூடத் தெரிந்தது. நல்ல டாக்டர்.

காலால் தூக்குவாளியை மெதுவாகத் தள்ளி, கரை அதில் தெரியாதபடி, முழுசாகத் தொம்மையின் துண்டுக்கு அடியில் வைத்தேன்.